நீதிபதி நன்றி சொன்ன தாதா: பிராங்க் கோஸ்டெல்லோ அதிகாரத்தை வாங்கிய கதை

1943 ஆகஸ்ட் 24 காலை, நியூயார்க்கில் ஒரு வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் தாமஸ் ஆரேலியோ என்ற மாஜிஸ்ட்ரேட். மாநில சுப்ரீம் கோர்ட் நீதிபதி தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி அவரை அப்போதுதான் வேட்பாளராக அறிவித்திருந்தது. (நியூயார்க் மாநிலத்தில் அந்தப் பெயர் கொண்டது உச்ச நீதிமன்றம் இல்லை. பெரிய வழக்குகள் முதன்முதலில் விசாரணைக்கு வரும் நீதிமன்றம்.) எல்லாவற்றுக்கும் நன்றி என்றார் ஆரேலியோ. தன் விசுவாசம் என்றைக்கும் மாறாது என்றும் சொன்னார். எதிர்முனையில் அந்த நன்றியை ஏற்று வாழ்த்துச் சொன்னவர் கட்சித் தலைவரோ மேயரோ இல்லை. நகரத்தின் மிகப் பெரிய மாஃபியா குடும்பத்தை நடத்திவந்த பிராங்க் கோஸ்டெல்லோ.

கோஸ்டெல்லோவின் தொலைபேசியை மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் பிராங்க் ஹோகனின் ஆட்கள் சில மாதங்களாகவே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹோகன் இந்த உரையாடலைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததும் நகரமே கொந்தளித்தது. ஆரேலியோவைக் குடியரசுக் கட்சியும் சேர்ந்தே நிறுத்தியிருந்தது. இப்போது இரண்டு கட்சிகளும் அவரைக் கைகழுவப் பார்த்தன. ஆனால் வேட்பாளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சட்டத்தில் வழி இருக்கவில்லை. வழக்கறிஞர் தொழிலிலிருந்து அவரை விலக்கும் முயற்சியும் பலிக்கவில்லை. தேர்தல் நடந்தது, ஆரேலியோ ஜெயித்தார், நீண்ட காலம் நீதிபதியாக இருந்தார்.

அமெரிக்க மாஃபியா என்றதும் நமக்கு சினிமா வழியாக நினைவுக்கு வருவது துப்பாக்கியும் நீள காரும்தான். கோஸ்டெல்லோவின் வாழ்க்கையைப் படித்தால் வேறொரு விஷயம் புரியும். அந்த அமைப்பை அரை நூற்றாண்டு தாங்கிப்பிடித்தது வாங்கப்பட்ட அதிகாரம். போலீஸ்காரர், கடலோரக் காவலர், கட்சியின் வட்டாரச் செயலாளர், நீதிபதி என்று ஒவ்வொரு படியிலும் ஒரு விலை இருந்தது. அந்த விலைப்பட்டியலை அவரைப்போலத் தெரிந்து வைத்திருந்தவர்கள் குறைவு. பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர், 'பாதாள உலகத்தின் பிரதமர்'.

அவர் 1891 ஜனவரி 26 அன்று தெற்கு இத்தாலியில், கலாப்ரியா பகுதியின் லவுரோபோலி என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பிரான்செஸ்கோ காஸ்டிலியா. தந்தை முன்னதாகவே அமெரிக்கா போய் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் சின்னதாக ஒரு மளிகைக் கடை போட்டார். தாயும் பிள்ளைகளும் பிறகு போய்ச் சேர்ந்தார்கள். அன்றைய கிழக்கு ஹார்லெம், தெற்கு இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அண்ணன் எட்வர்ட் தெருச் சண்டைக் கூட்டத்தில் இருந்தார், தம்பியும் அவர் பின்னால் போனார். 1908இலும் 1912இலும் அடிதடி, வழிப்பறி வழக்குகளில் கைதானார். இரண்டுமே தள்ளுபடியாயின.

1915இல் அனுமதியில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டபோதுதான் தப்ப முடியவில்லை. ஓராண்டு தண்டனை, பத்து மாதம் சிறை. வெளியே வந்தவர் அதன் பிறகு துப்பாக்கி தூக்குவதில்லை என்று முடிவெடுத்ததாகச் சொல்வார்கள். அடுத்த 37 ஆண்டுகள் அவர் சிறை வாசலை மிதிக்கவில்லை என்பது மட்டும் பதிவாகியிருக்கும் உண்மை. அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். துப்பாக்கி தூக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் என்று அறியப்பட்ட வில்லி மொரெட்டி நியூஜெர்சியில் ஒரு அடியாள் படையே வைத்திருந்தார். 'வன்முறையை வெறுத்த தாதா' என்று கோஸ்டெல்லோவைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த விஷயத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1914 வாக்கில் அவர் லொரெட்டா கைகர்மன் என்ற யூதப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். சிசிலிக்காரர்கள் சிசிலிக்காரர்களோடு மட்டுமே சேர்ந்த காலம் அது. பழைய தலைவர்களுக்கு வெளியாட்கள் என்றாலே ஆகாது. கலாப்ரியாக்காரரான கோஸ்டெல்லோ அந்த வேலியை மதிக்கவில்லை. லக்கி லூசியானோ, விட்டோ ஜெனோவீஸ் என்ற இத்தாலியர்களோடும், மேயர் லான்ஸ்கி, பென்ஜமின் சீகல் என்ற யூத இளைஞர்களோடும் கூட்டு வைத்தார். தொழிலுக்கு வேண்டிய முதலீட்டை ஆர்னால்ட் ரோத்ஸ்டீன் என்ற சூதாட்டப் புள்ளி கொடுத்தார். ஐரிஷ்காரர்களோடும் நல்ல பழக்கம். அந்தக் காலத்து நியூயார்க்கில் போலீஸ் துறையிலும் ஜனநாயகக் கட்சியிலும் ஐரிஷ்காரர்கள்தான் கோலோச்சினார்கள். பெயரை கோஸ்டெல்லோ என்று ஐரிஷ் சாயலில் வைத்துக்கொண்டதும் ஒரு வசதிதான்.

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு அமலுக்கு வந்தது. மது தயாரிப்பதும் விற்பதும் குற்றம், ஆனால் குடிக்கும் ஆசை குறையவில்லை. கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சரக்கு ஏற்றிய கப்பல்கள் அமெரிக்கக் கடல் எல்லைக்கு வெளியே, நியூயார்க் கரைக்கு எதிரே வரிசையாக நங்கூரம் போட்டு நின்றன. ஆரம்பத்தில் அந்த எல்லை வெறும் மூன்று மைல். இரவில் வேகப்படகுகள் போய்ச் சரக்கை ஏற்றிவரும், கரையில் லாரிகள் காத்திருக்கும், விடிவதற்குள் கிடங்குக்குப் போய்விடும்.

இந்தச் சங்கிலியில் எது கடினம்? படகு கிடைக்கும், லாரி கிடைக்கும், ஆட்களும் கிடைப்பார்கள். சரக்கு பிடிபடாமல் வந்து சேர வேண்டும், அதுதான் கடினம். அதற்குக் கடலோரக் காவல்படையில் ஆள் வேண்டும், துறைமுகப் போலீசில் ஆள் வேண்டும், பிடிபட்டால் வழக்கை ஊற்றி மூட ஒரு அதிகாரி வேண்டும். கோஸ்டெல்லோ பில் டுவயர் என்ற ஐரிஷ் கடத்தல் முதலாளியோடு சேர்ந்து இந்த மாமூல் வேலையைக் கற்றுத் தேர்ந்தார். கடலோரக் காவல்படையினர் சிலரே சம்பளம் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு உதவினார்கள். கடைசியில் மத்திய அரசு வழக்குப் போட்டு, 1926இல் டுவயருக்கு இரண்டு ஆண்டு சிறை கிடைத்தது. அடுத்த ஆண்டு கோஸ்டெல்லோ மீதான விசாரணையில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வழக்கு அப்படியே கிடந்து செத்துப்போனது.

இதற்கு நடுவே 1925இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டார். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் நிலம், வீடு விற்பனை என்று எழுதினார். கடத்தல் கொடிகட்டிப் பறந்த நேரத்தில் எழுதிய அந்த ஒரு பொய் முப்பத்தாறு ஆண்டு கழித்து அவர் கழுத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1933 டிசம்பரில் மதுவிலக்கு முடிந்தபோது பல கடத்தல்காரர்கள் தொழில் இல்லாமல் தவித்தார்கள். கோஸ்டெல்லோ அதற்கு முன்பே வேறு பக்கம் கால் வைத்திருந்தார். ஃபிலிப் காஸ்டல் என்ற கூட்டாளியோடு நியூயார்க் முழுக்க ஆயிரக்கணக்கான ஸ்லாட் மெஷின்களை வைத்தார். மிட்டாய்க் கடை, முடிதிருத்தகம், மது விடுதி என்று எங்கே திரும்பினாலும் காசு விழுங்கும் எந்திரம். சூதாட்டச் சட்டத்தை ஏய்க்க அந்த எந்திரம் காசு போட்டதும் ஒரு புதினா மிட்டாயையும் தள்ளும். மிட்டாய் விற்கும் எந்திரம்தானே என்று நீதிமன்றத்தில் வாதாடி, போலீஸ் கைவைக்கக் கூடாது என்று தடையாணையும் வாங்கினார்கள். ஐந்து காசு, பத்துக் காசாகத்தான் விழுந்தது. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வேலையில்லாதவர்களின் சட்டைப் பையிலிருந்து வந்த காசு அது. கோஸ்டெல்லோவின் சூட்டு, கோட்டு, நயமான பேச்சு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பணம் இதுதான் என்பதை மறக்காமல் இருப்பது நல்லது.

1934இல் மேயராகப் பதவியேற்ற ஃபியோரெல்லோ லா கார்டியா, அவரும் இத்தாலிய வம்சாவளிதான், இந்த எந்திரங்களைப் பறிமுதல் செய்யச் சொன்னார். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் முன்னால் பெரிய சுத்தியலை எடுத்துத் தானே அடித்து நொறுக்கினார். மிச்சத்தைக் கடலில் கொட்டினார்கள். கோஸ்டெல்லோ அசரவில்லை. எந்திரங்களை மூட்டை கட்டி தெற்கே லூசியானா மாநிலத்துக்கு அனுப்பினார். அந்த மாநிலத்தைக் கைக்குள் வைத்திருந்த செனட்டர் ஹியூய் லாங்தான் தன்னை அழைத்தார் என்று பின்னாளில் அவரே சாட்சியம் சொன்னார். லாங் 1935 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகும் நியூஆர்லியன்ஸ் தொழில் தொடர்ந்தது. பிறகு நகரத்தை ஒட்டி பெவர்லி கிளப் என்ற பெரிய சூதாட்ட விடுதியாகவும் வளர்ந்தது.

மாஃபியாவுக்குள் அவர் மேலே வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930–31இல் ஜோ மசேரியா, சல்வதோரே மரன்சானோ என்ற இரண்டு பழைய தலைவர்களுக்குள் போர். 1931 ஏப்ரலில் மசேரியா, செப்டம்பரில் மரன்சானோ என்று இருவருமே கொல்லப்பட, இரண்டுக்கும் பின்னால் இருந்த லூசியானோ முதல் இடத்துக்கு வந்தார். நியூயார்க்கில் ஐந்து குடும்பங்கள், சண்டைகளைப் பேசித் தீர்க்க ஒரு 'கமிஷன்' என்ற ஏற்பாடு உறுதியானது. லூசியானோ குடும்பத்தில் ஆலோசகர் பதவி கோஸ்டெல்லோவுக்கு. 1936இல் அரசு வழக்கறிஞர் தாமஸ் டூயி, விபச்சாரத் தொழில் நடத்திய வழக்கில் லூசியானோவுக்கு 30 முதல் 50 ஆண்டு சிறை வாங்கிக் கொடுத்தார். அடுத்த இடத்தில் இருந்த ஜெனோவீஸ் ஒரு கொலை வழக்குக்குப் பயந்து 1937இல் இத்தாலிக்கு ஓடிப்போனார். இப்படி நாற்காலி கோஸ்டெல்லோவிடம் வந்து சேர்ந்தது. 1946இல் லூசியானோவை இத்தாலிக்கு நாடுகடத்திய பிறகு தலைமை முழுமையாக அவருடையது.

சரி, ஒரு சூதாட்ட முதலாளியால் எப்படி நீதிபதி வேட்பாளரை முடிவு செய்ய முடிந்தது? அதற்கு டாமனி ஹாலைப் புரிந்துகொள்ள வேண்டும். மன்ஹாட்டன் ஜனநாயகக் கட்சி அமைப்பின் பெயர் அது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சங்கமாகத் தொடங்கி, கப்பலில் வந்திறங்கிய ஏழைகளின் ஓட்டுகளால் வளர்ந்தது. குளிர்காலத்துக்கு நிலக்கரி, பண்டிகைக்குச் சாப்பாடு, பையனுக்கு நகராட்சியில் ஒரு வேலை, போலீசில் மாட்டிக்கொண்டால் ஒரு சிபாரிசு. இதற்கெல்லாம் பதில் மரியாதையாக ஓட்டு. இந்த ஏற்பாடு ஓடுவதற்கு எண்ணெய், நகர அரசின் வேலைகளும் ஒப்பந்தங்களும்.

லா கார்டியா 1934 முதல் 1945 வரை பன்னிரண்டு ஆண்டுகள் மேயராக இருந்தார். நகராட்சி வேலைகள் டாமனியின் கையைவிட்டுப் போயின. அதிபர் ரூஸ்வெல்ட்டும் அவர்களை அண்ட விடவில்லை. வட்டாரச் செயலாளர்களுக்குக் கொடுக்க வேலையும் இல்லை, செலவுக்குப் பணமும் இல்லை. அப்போது கட்டுக்கட்டாகப் பணத்தோடு நின்றவர் கோஸ்டெல்லோ. ஒரு நேர்மையான மேயரின் சீர்திருத்தம், பழைய கட்சி அமைப்பைப் பட்டினி போட்டு நேராகத் தாதாவின் மடியில் தள்ளியது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஊழல் கட்சியின் வருமானத்தை வெட்டினால் மட்டும் போதாது. தேர்தல் செலவுக்கு வேறு யார் பணம் தருகிறார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

1942இல் டாமனியின் தலைவராக மைக்கேல் கென்னடி என்பவர் வந்ததில் தன் கை இருந்ததை கோஸ்டெல்லோவே ஆரேலியோ விவகார விசாரணையில் ஒப்புக்கொண்டார். வட்டாரச் செயலாளர்கள் பலர் அவருக்குப் பழகியவர்கள், அவர்களிடம் பேசினார், அவ்வளவுதான் என்பது அவர் விளக்கம். மன்ஹாட்டனில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானாலே பாதிக்கு மேல் வெற்றி. இரு கட்சியும் நிறுத்திவிட்டால் தேர்தல் வெறும் சடங்கு. ஆக, மக்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்பே, யாருக்கு ஓட்டு என்ற கேள்விக்கு விடை ஒரு சிறு வட்டத்துக்குள் தயாராகிவிடும். அந்த வட்டத்தில் பணம் கொடுக்கிறவருக்கு இடம் இருந்தது. இப்படி வந்த நீதிபதியிடம் ஒரு வழக்குக்காகக் கெஞ்ச வேண்டியதில்லை. விசுவாசம் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது.

சென்ட்ரல் பார்க்கைப் பார்த்த மெஜஸ்டிக் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருடைய வீடு. 1942இல் வில்லியம் ஓ'டுவயர் அங்கே போனார். புரூக்ளினின் அரசு வழக்கறிஞராக இருந்து ராணுவத்துக்குப் போனவர் அவர், 1946இல் நியூயார்க் மேயராகவும் ஆனார். ராணுவ விசாரணை ஒன்றுக்காகவே போனேன் என்பது அவர் தந்த விளக்கம். அந்த வீட்டில் அன்று டாமனி தலைவர்களும் இருந்தார்கள்.

இத்தனை செல்வாக்கு இருந்தும் கோஸ்டெல்லோவுக்கு மனம் நிறையவில்லை. கௌரவமான மனிதர் என்று ஊர் ஏற்க வேண்டும் என்ற ஏக்கம் அவரை அரித்தது. லாங் ஐலண்டில் சேண்ட்ஸ் பாயிண்டில் தோட்டத்தோடு வீடு வாங்கி, பூ வளர்த்துக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார். பார்க் அவென்யூவில் ஒரு மனநல மருத்துவரிடமும் போய்வந்தார். நல்ல மனிதர்களோடு பழகுங்கள் என்று மருத்துவர் அறிவுரை சொன்னாராம். 1949 ஜனவரியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்புக்காகப் பணம் திரட்ட கோபகபானா இரவு விடுதியில் ஒரு விருந்து வைத்தார். தலைக்கு 100 டாலர். நீதிபதிகளும் கட்சித் தலைவர்களும் வந்து உட்கார்ந்தார்கள், அதே மேசைகளுக்குப் பக்கத்தில் தாதாக்களும். விருந்தாளிகள் பட்டியல் பத்திரிகையில் வந்ததும் பெரிய அவமானமாகிப்போனது. முழுத் தொகையையும் அமைப்புக்குக் கொடுத்தும் பேர் கெட்டதுதான் மிச்சம்.

1950இல் அமெரிக்க செனட் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் டென்னசி மாநில செனட்டர் எஸ்டெஸ் கீஃபாவர். மாநில எல்லைகளைத் தாண்டி நடக்கும் குற்றத் தொழிலை ஆராய்வது வேலை. குழு நாடெங்கும் 14 நகரங்களுக்குப் போனது, அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை விசாரித்தது. 1951 மார்ச்சில் நியூயார்க் அமர்வு தொடங்கியபோது அது தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. தொலைக்காட்சிப் பெட்டி வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். பெட்டி இல்லாதவர்கள் மது விடுதிகளிலும் கடை வாசல்களிலும் கூடி நின்று பார்த்தார்கள். மூன்று கோடிப் பேர்வரை பார்த்திருப்பார்கள் என்று அப்போதே கணக்கிட்டார்கள்.

மற்ற தாதாக்கள் பலர், தன்னைத்தானே குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற அரசியல் சட்ட ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி வாயை மூடிக்கொண்டார்கள். கோஸ்டெல்லோவும் அதைச் செய்திருக்கலாம். ஆனால் ஐந்தாம் திருத்தத்தைச் சொன்னால் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டது போலத் தோன்றும், வியாபாரி என்ற வேஷம் கலைந்துவிடும். அதனால் பேச வந்தார். கௌரவத்தின் மீது அவருக்கு இருந்த ஆசை செய்த வேலை இது. அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறும் இதுதான்.

முகத்தைக் காட்டக் கூடாது என்று அவருடைய வழக்கறிஞர் ஜார்ஜ் வுல்ஃப் ஆட்சேபித்தார். குழு ஒத்துக்கொண்டது. உடனே ஒளிப்பதிவாளர்கள் கேமராவை அவர் கைகளின் பக்கம் திருப்பினார்கள். கைக்குட்டையைக் கசக்குவது, கண்ணாடிக் குவளையைத் தொடுவது, காகிதத்தைக் கிழித்து உருட்டுவது என்று அந்த விரல்கள் படபடத்துக்கொண்டே இருந்தன. தொண்டையில் அறுவை சிகிச்சை செய்ததால் கரகரத்துப்போன குரல் வேறு. முகம் தெரிந்திருந்தால் வயதான ஒரு வியாபாரி என்றே பலர் நினைத்திருப்பார்கள். கைகளையும் குரலையும் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒளித்து வைக்க நிறைய இருக்கும் ஆள் என்று தோன்றியது. வழக்கறிஞரின் ஆட்சேபணை கட்சிக்காரருக்கே கேடாக முடிந்தது.

குழுவின் தலைமை வழக்கறிஞர் ருடால்ஃப் ஹாலி சொத்து மதிப்பு என்ன, ரொக்கம் எவ்வளவு, யார் யாரைத் தெரியும் என்று குடைந்தார். கோஸ்டெல்லோ நழுவினார், சில கேள்விகளுக்குப் பதில் சொல்லவே மறுத்தார். இந்த நாட்டின் குடிமகனாக நீங்கள் செய்த நல்ல காரியம் ஏதாவது உண்டா என்று குழு உறுப்பினரான செனட்டர் டோபி கேட்டபோது வந்த பதில், "வரி கட்டியிருக்கிறேன்." அரங்கம் சிரித்தது. ஒரு கட்டத்தில் உடம்பு சரியில்லை, இதற்கு மேல் பேச முடியாது என்று எழுந்து வெளியே நடந்தார். அதே அமர்வுகளில் ஓ'டுவயரும் வந்து, அந்த 1942 சந்திப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அவர் மெக்சிகோவுக்கான அமெரிக்கத் தூதர். அரசியலில் அவர் பெயர் மறுபடி எழவே இல்லை.

கோஸ்டெல்லோவின் அதிகாரத்தில் இருந்த பலவீனம் அந்த வாரம் அம்பலமானது. அவரோடு பழகிய ஒவ்வொருவரும், அது வெளியே தெரியாதவரைக்கும் மட்டுமே பழகத் தயாராக இருந்தார்கள். துப்பாக்கியை நம்பிய தாதாவுக்கு ஊர் தெரிந்துகொண்டாலும் பயம் மிச்சமிருக்கும். சிபாரிசை நம்பியவருக்கு அப்படி எதுவும் மிஞ்சாது. மூன்று கோடிப் பேர் பார்த்த பிறகு எந்த நீதிபதி அவர் தொலைபேசியை எடுப்பார்?

செனட் குழுவை அவமதித்ததற்காக 18 மாதத் தண்டனை. 1952 ஆகஸ்டில் உள்ளே போய் அடுத்த ஆண்டு வெளியே வந்தார். உடனே வரி ஏய்ப்பு வழக்கு. வரி கட்டியிருக்கிறேன் என்று சொன்னவரின் செலவுகளை அரசு ஒவ்வொன்றாகக் கூட்டிக் காட்டியது. அவரும் மனைவியும் எங்கெங்கே என்ன வாங்கினார்கள் என்பதற்கு 144 சாட்சிகள், 368 ஆவணங்கள். காட்டிய வருமானத்துக்கும் வாழ்ந்த வாழ்க்கைக்கும் பொருந்தவில்லை என்பதே வாதம். 1954இல் ஐந்தாண்டு தண்டனை விழுந்தது.

இந்த ஆண்டுகளில் அவரைச் சுற்றி இருந்த பாதுகாப்பும் கழன்றுகொண்டே போனது. நோயால் மனம் கலங்கி, வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்திருந்த வில்லி மொரெட்டி 1951 அக்டோபரில் நியூஜெர்சி உணவகம் ஒன்றில் சுட்டுக்கொல்லப்பட்டார். இன்னொரு கூட்டாளி ஜோ அடோனிஸ் 1956இல் இத்தாலிக்குப் போக வேண்டியதாயிற்று. மறுபக்கம் ஜெனோவீஸ் 1945இலேயே அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார். அவருக்கு எதிரான கொலை வழக்கின் முக்கிய சாட்சி, பாதுகாப்புக் காவலில் இருந்தபோதே விஷத்தால் இறந்துபோனதால் வழக்கு நொறுங்கி, 1946இல் அவர் விடுதலையானார். ஒரு காலத்தில் தனக்குக் கீழே இருந்தவர் இப்போது தலைவர் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. குடும்பத்தின் கீழ்மட்ட ஆட்களிடமும் குறை இருந்தது. கோஸ்டெல்லோ பெரிய மனிதர்களோடு விருந்து சாப்பிடுகிறார், நம்மைக் கவனிப்பதில்லை என்று. அந்தக் குறைகளை ஜெனோவீஸ் பொறுமையாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்.

1957 மே 2 இரவு. மேல்முறையீடு நடப்பதால் சிறையிலிருந்து வெளியே வந்திருந்த கோஸ்டெல்லோ, சாப்பிட்டுவிட்டு மெஜஸ்டிக்குக்குத் திரும்பினார். லிஃப்டை நோக்கி நடந்தபோது பின்னாலேயே வந்த ஒரு பருத்த ஆள், "பிராங்க், இது உனக்கு" என்று சொல்லிச் சுட்டான். குரல் கேட்டு அவர் தலையைத் திருப்பியதால் குண்டு தலையின் தோலை உரசிக்கொண்டு போனது. சுட்டவர் ஜெனோவீஸின் ஆள், முன்னாள் குத்துச்சண்டை வீரர் வின்சென்ட் ஜிகாண்டே.

உயிர் பிழைத்தவருக்கு மருத்துவமனையில் இன்னொரு அடி காத்திருந்தது. காயத்துக்குக் கட்டுப் போடும் நேரத்தில் போலீஸ் அவர் கோட்டுப் பையைத் துழாவியது. ஒரு துண்டுச் சீட்டு. ஏப்ரல் 27 வரை சூதாட்ட விடுதியின் மொத்த வரவு 6,51,284 டாலர் என்றும், அதில் கடன் சீட்டு போக மேசை ஆட்டத்தில் வந்தது 4,34,695, ஸ்லாட் மெஷின்களில் 62,844, கடன் சீட்டு 1,53,745 என்றும் எழுதியிருந்தது. அப்போதுதான் லாஸ் வேகஸில் திறந்திருந்த டிராபிகானா விடுதியின் கணக்கோடு அது அப்படியே பொருந்தியது. மாஃபியா நெவாடாவின் சட்டபூர்வமான சூதாட்ட விடுதிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகமாகப் பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்கு இவ்வளவு தெளிவான ஆதாரம் அதுவரை கிடைத்ததில்லை. கிராண்ட் ஜூரி (ஒருவர்மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்யலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழு) முன்னால் அந்தச் சீட்டைப் பற்றிப் பேச மறுத்ததற்காக அவருக்கு 30 நாள் தண்டனை.

1958இல் ஜிகாண்டே மீதான கொலை முயற்சி வழக்கு விசாரணைக்கு வந்தது. கட்டடத்தின் வாசல் காவலர் தைரியமாக அடையாளம் காட்டினார். கோஸ்டெல்லோவோ, சுட்டது யார் என்று தெரியாது என்று சொல்லிவிட்டார். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு காவலர் உயிரைப் பணயம் வைத்து உண்மையைச் சொன்னார், சுடப்பட்டவரே மறைத்தார். இந்தக் கதையில் என் மரியாதை அந்தக் காவலருக்குத்தான். ஜிகாண்டே விடுதலையானார். பிற்காலத்தில் அதே குடும்பத்தின் தலைவராகவும் ஆனார்.

கோஸ்டெல்லோ தலைமையை விட்டுக்கொடுத்து ஒதுங்கினார். அவருக்குத் துணையாக நின்றிருக்கக்கூடிய ஆல்பர்ட் அனஸ்தாசியா 1957 அக்டோபரில் ஓட்டல் முடிதிருத்தகத்தில் கொல்லப்பட்டார். குடும்பம் இன்றுவரை ஜெனோவீஸ் பெயரில்தான் அறியப்படுகிறது. ஆனால் ஜெனோவீஸ் அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்காரவில்லை. 1959இல் போதைப்பொருள் வழக்கில் 15 ஆண்டு தண்டனை பெற்று, 1969இல் சிறையிலேயே இறந்தார். வரி வழக்குக்காக அட்லாண்டா சிறையில் இருந்த கோஸ்டெல்லோவும் அவரும் ஒரே மதிலுக்குள் சில காலம் இருந்தார்கள்.

அந்த 1925 விண்ணப்பத்துக்கு வருவோம். கடத்தல் தொழிலை மறைத்து வாங்கிய குடியுரிமை செல்லாது என்று அரசு வழக்குப் போட்டது. முதல் முயற்சி, சட்ட நடைமுறைக் குறைபாட்டால் 1958இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இரண்டாவது முயற்சியில், 1961 பிப்ரவரியில், அதே நீதிமன்றம் குடியுரிமை ரத்தை உறுதி செய்தது. அடுத்து நாடுகடத்தல் ஆணை. இரண்டு குற்றங்களில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை வெளியேற்றலாம் என்ற சட்டப் பிரிவை அரசு காட்டியது. 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தண்டனை விழுந்த நாளில் அவர் அமெரிக்கக் குடிமகன், வெளிநாட்டவருக்கான பிரிவை அவர்மீது போட முடியாது என்றது. எந்த நீதிபதிக்கும் பணம் கொடுக்காமல், சட்ட வாதத்தால் மட்டுமே கோஸ்டெல்லோ ஜெயித்த வழக்கு. குடியுரிமை இல்லாமலே, நாட்டைவிட்டு அனுப்பவும் முடியாமல் நியூயார்க்கில் வாழ்ந்து, 1973 பிப்ரவரி 18 அன்று 82 வயதில் மாரடைப்பால் இறந்தார்.

வரி வழக்கில் அவர் எழுப்பிய ஒரு கேள்விக்கு 1956இல் வந்த தீர்ப்பு அவரைவிட நீண்ட ஆயுள் கொண்டதாகிவிட்டது. தன்மீது குற்றச்சாட்டைப் பதிவு செய்த கிராண்ட் ஜூரி, நேரில் கண்ட சாட்சி யாரையும் கேட்கவில்லை, கணக்கைத் தொகுத்த மூன்று அதிகாரிகள் சொன்னதை மட்டும் கேட்டது, அது எப்படிச் செல்லும் என்று அவர் வாதாடினார். செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் செவிவழிச் சாட்சியத்தை வைத்துக் குற்றச்சாட்டுப் பதிவு செய்ய முடிகிறது என்றால், அதற்கு அரசு வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது 'கோஸ்டெல்லோ எதிர் அமெரிக்க அரசு' என்ற அந்தத் தீர்ப்பைத்தான்.